வெளியூர்ப் பயணிக்குப் பட்டியலைவிட நடைவழியே உதவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நாளிதழ்களின் இணைப்புகளில் ஏதேனும் ஒரு நகரத்துக்கான வழிகாட்டிப் பக்கம் வெளிவருவது வழக்கமாகிவிட்டது. சாப்பிடப் பத்து இடங்கள், பொருள் வாங்கப் பத்து இடங்கள், பார்த்தே ஆக வேண்டிய பத்து இடங்கள் என மூன்று கட்டங்களில் அடுக்கித் தருவதே அந்தப் பக்கத்தின் மாறாத அமைப்பு. படிக்க எளிதாகவும் படங்கள் போட வசதியாகவும் இருக்கும் இந்த அமைப்பு, அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உண்மையிலேயே அந்த நகரத்தில் இறங்கும் பயணிக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது. அதற்கு மாறாக, நடந்தே சுற்றக்கூடிய ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் எதைப் பார்ப்பது, எங்கே உண்பது, என்ன வாங்குவது, எந்த நேரத்தில் போவது, களைத்தால் எங்கே உட்காருவது என்பவற்றை ஒரே தொடர்ச்சியாக எழுதித் தர வேண்டும் எனத் தங்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உண்பது, வாங்குவது, பார்ப்பது ஆகிய மூன்றும் உள்ளூர்வாசிக்கு வேண்டுமானால் தனித்தனி வேலைகளாக இருக்கலாம்; வந்திறங்கியவருக்கு அவை ஒரே நாளின் மூன்று பகுதிகள். காலையில் ஓர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தவர் வெளியே வரும்போது நண்பகல் தாண்டியிருக்கும், பசி எடுக்கும், உடன் வந்த குழந்தையோ முதியவரோ அதற்கு முன்பே சோர்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்படுவது, நகரத்திலேயே மிகச் சிறந்த உணவகம் எது என்ற தகவலைவிட, இந்த வாசலிலிருந்து பத்து நிமிட நடையில் நம்பிச் சாப்பிடக்கூடிய இடம் எது என்ற தகவல்தான். பட்டியலின் முதலிடத்தில் இருக்கும் உணவகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தால், போக ஒரு மணி நேரமும், அங்கே வரிசையில் நிற்க ஒரு மணி நேரமும் போய், பிற்பகலே கரைந்துவிடும். தூரத்தைச் சொல்லாத வழிகாட்டி, பயணியின் நேரத்தைத் தன் விருப்பப்படி செலவு செய்துவிடுகிறது.

தூரம் தெரியாததால் ஏற்படும் வீண் அலைச்சலுக்கு லண்டன் சுரங்க ரயில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் ஆகிய இரு நிலையங்களுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 260 மீட்டர்தான். ஆனால் ரயில் வரைபடம் உண்மையான தூரத்தைக் காட்டுவதற்காக வரையப்பட்டது அல்ல என்பதால், அதை மட்டும் பார்க்கும் வெளியூர்க்காரர் கீழே இறங்கி, ரயிலுக்காகக் காத்திருந்து, ஏறி, மறுபடி மேலே வருகிறார். மேலே தெருவிலேயே நடந்திருந்தால் சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்திருப்பார். வழியில் நாலு கடைகளையும் பார்த்திருப்பார். அந்நகரம் பின்னர் நடப்பவர்களுக்கென்றே தெருக்களில் வரைபடப் பலகைகளை நிறுத்தியது. 2007-இல் பாண்ட் ஸ்ட்ரீட் பகுதியில் சோதனையாகத் தொடங்கிய அத்திட்டத்தின் பலகைகளில், ஐந்து நிமிட நடையில் எட்டக்கூடிய இடங்களும் பதினைந்து நிமிட நடையில் எட்டக்கூடிய இடங்களும் வட்டமிட்டுக் காட்டப்படுகின்றன. வரைபடத்தின் மேற்பக்கம் எப்போதும் வடக்காக இருப்பதில்லை. பலகையைப் பார்த்து நிற்பவர் எந்தத் திசையை நோக்கி நிற்கிறாரோ அதுவே மேற்பக்கமாக இருக்கும். நிற்பவரின் வலக்கைப் பக்கம் இருக்கும் தெரு, படத்திலும் வலப்பக்கமே இருக்கும். இவ்வளவு சிறிய ஒரு மாற்றம், கைப்பேசியைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பித் திருப்பிப் பார்க்கும் தொல்லையிலிருந்து மனிதர்களை விடுவித்துவிடுகிறது. இணைப்பிதழில் வரைபடம் போடும் ஓவியர்களும் இதைக் கவனிக்கலாம். ரயில் நிலையத்தின் வாசலிலிருந்து வெளியே பார்ப்பவரின் திசையில் படம் தொடங்கினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தரம் பிரித்து வரிசைப்படுத்துவதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உலகம் அறிந்த உணவகத் தரவரிசையான மிஷலின் நட்சத்திரங்களேகூடப் பயணத்தை ஒட்டிப் பிறந்தவைதாம். டயர் நிறுவனம் ஒன்று காரோட்டிகளுக்காக 1900-இல் வெளியிட்ட கையேடு அது. நட்சத்திரங்கள் 1926-இல்தான் அதில் சேர்ந்தன. இரண்டு நட்சத்திரம் என்றால், போகும் வழியிலிருந்து சற்றுத் திரும்பிச் சென்று உண்ணத் தக்க இடம். மூன்று என்றால், அதற்கென்றே தனிப் பயணம் மேற்கொள்ளத் தக்க இடம் என்பது அவற்றுக்குத் தரப்பட்ட விளக்கம். எவ்வளவு தூரம் வழி விலகிப் போகலாம் என்பதற்குத்தான் அங்கே மதிப்பெண்! இன்றைய பத்துப் பத்துப் பட்டியல்கள் எண்களை வைத்துக்கொண்டு வழியைக் கைவிட்டுவிட்டன.

இணையத்தில் பயனர்கள் தரும் மதிப்பீடுகள் இருக்க, நாளிதழ் எதற்கு இதையெல்லாம் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். 2017-இல் லண்டனில் ஓர் எழுத்தாளர், தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பயண இணையதளம் ஒன்றில் பதிவு செய்து, நண்பர்களைக் கொண்டு பொய்யான பாராட்டுகளை எழுத வைத்து, சில மாதங்களிலேயே அந்நகர உணவகங்களின் தரவரிசையில் அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். யாருமே சாப்பிட்டிராத இடம் அது. பொய்யான மதிப்புரைகளை எழுதுவதையும் விற்பதையும் தடைசெய்யும் விதி அமெரிக்காவில் 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சூழலில், நேரில் சென்று பார்த்து, பெயர் போட்டு எழுதும் ஒரு செய்தியாளரின் சொல்லுக்கு மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் அந்த மதிப்பு, விளம்பரதாரரின் கடையைக் கட்டுரைக்குள் நுழைக்கும் நாளில் போய்விடும். காசு வாங்கிக்கொண்டு சேர்த்த இடம் எது, ஆசிரியர் குழுவே தேர்ந்தெடுத்த இடம் எது என்பது வாசகருக்குப் பளிச்சென்று தெரியும்படி பிரித்து அச்சிட வேண்டும். பக்கத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடுவதைப் பிரித்துப் போட்டதாகக் கருத முடியாது.

ஒரே பத்து இடங்களை எல்லாரும் திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பதால் அந்த இடங்களுக்கே கேடு வருகிறது என்பதையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பார்சிலோனாவின் பொகேரியா சந்தை, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் காய்கறியும் மீனும் வாங்கும் சந்தையாக இருந்தது. அது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஏறிய பிறகு, படம் எடுப்பவர்களின் நெரிசலில் கூடையோடு வரும் உள்ளூர்ப் பெண்கள் கடையை நெருங்க முடியாமல் போகவே, 2015-இல் நகராட்சி வெள்ளி, சனிக்கிழமைகளில் காலை 8 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை பெரிய சுற்றுலாக் குழுக்கள் உள்ளே வரத் தடை விதித்தது. ஆம்ஸ்டர்டாமில் சிக்கல் வேறு வகையில் முற்றியது: பயணிகளுக்கென்றே நடத்தப்படும் கடைகள் நடுநகரத் தெருக்களை நிரப்பி, அங்கே குடியிருப்பவர்களுக்கான கடைகள் மறைந்துகொண்டே வந்ததால், அத்தகைய புதிய கடைகளைத் திறக்க 2017-இல் அந்நகரம் தடை போட்டது. சந்தையின் அழகே அங்கு அன்றாடம் நடக்கும் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது. அதைக் காண வருபவர்களாலேயே அது நின்றுபோனால், அடுத்து வருபவர் பார்க்கப்போவது அலங்கரித்த கடைகளின் வரிசை ஒன்றைத்தான். சந்தையைப் பற்றி எழுதும்போது, உள்ளூர் மக்கள் வாங்க வரும் நேரம் எது, அந்த நேரத்தில் வழியை மறிக்காமல் நிற்பது எப்படி, படம் எடுக்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்பவற்றை இரண்டு வரிகளில் சேர்த்தாலே நல்லது.

இனி நடைவழிக்கு வருகிறேன். இதைத் தங்களிடம் கேட்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், விடுதலைப் போராட்டத்தோடு தொடர்புடைய பழைய கட்டடங்களும் இடுகாடுகளும் சிதறிக் கிடந்தன. பார்க்க வந்தவர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி தெரியாமல் திண்டாடினார்கள். அவற்றை ஒரே நடைபாதையாக இணைக்கலாம் என்ற யோசனையை 1951-இல் முன்வைத்தவர் வில்லியம் ஸ்கோஃபீல்ட். அவர் ஒரு நாளிதழ்க்காரர், தன் பத்தியிலேயே அதை எழுதினார். மேயர் ஜான் ஹைன்ஸ் ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில், நடைபாதையிலேயே சிவப்புக் கோடு ஒன்று வரையப்பட்டது. இன்று ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் 16 வரலாற்று இடங்களைக் காணலாம். வரைபடமோ வழிகாட்டியோ இல்லாமலும் நடக்கலாம், விரும்பிய இடத்தில் விட்டுவிட்டு மறுநாள் அதே இடத்தில் தொடரவும் செய்யலாம். நான் வலியுறுத்த விரும்புவது இதில் ஒரு சிறு கூறு: அந்த 16 இடங்களில் ஒன்றான ஃபெனுல் ஹால் 1742 முதல் சந்தைக்கூடமாகவும் கூட்ட மண்டபமாகவும் இருந்து வருவது, அதை ஒட்டியே உணவுக் கடைகள் நிறைந்த குவின்சி மார்க்கெட் இருக்கிறது. ஆகவே வரலாறு பார்த்துக்கொண்டே வருபவர் பசிக்கும் வேளையில் உணவின் அருகிலேயே இருக்கிறார். வழியை விட்டு விலக வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஹனோவர் நகரத்திலும் இதே போன்ற சிவப்புக் கோடு 4 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக ஓடி, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களை இணைக்கிறது.

தெருவில் கோடு போட நகராட்சி வேண்டும். தாளில் கோடு போட ஒரு நாளிதழே போதும். நடைவழி ஒன்றை எழுதுபவர் அதை முழுவதும் தன் காலால் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பதே நான் வைக்கும் முதல் நிபந்தனை. அதுவும், பயணி நடக்கப்போகும் நேரத்திலேயே நடந்து பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு இதமாக இருக்கும் தெரு, நண்பகலில் நிழல் துளியும் இல்லாமல் கொதிக்கலாம். மாலையில் வண்டிகள் நிறுத்தி நடைபாதையே காணாமல் போகலாம். ஓர் இடத்துக்கு எத்தனை படிகள் ஏற வேண்டும், சக்கர நாற்காலி உள்ளே போக வழியுண்டா, செருப்பு விட வேண்டுமா, பெரிய பையை உள்ளே அனுமதிப்பார்களா, அனுமதிக்காவிட்டால் வைக்க இடம் உண்டா என்பவையெல்லாம் நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். கட்டடத்தின் கட்டுமானச் சிறப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதும் நம் எழுத்தாளர்கள், அதன் நுழைவாயில் எந்தத் தெருப் பக்கம் இருக்கிறது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். சுற்றுச்சுவரை முழுவதும் வலம் வந்த பிறகு வாசலைக் கண்டுபிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விடுமுறை நாள்களைக் குறிப்பிடாமல் விடுவதும் பெருங்குறையே. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஆற்றுக்கு மறுகரையில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. தாஜ் மகாலைப் பயணிகள் வெள்ளிக்கிழமை பார்க்க முடியாது. ஏறத்தாழ 4,000 கடைகள் கொண்ட, 15-ஆம் நூற்றாண்டில் தோன்றிய இஸ்தான்புல்லின் மூடுசந்தை ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஒரே ஒரு நாள் அந்த ஊரில் இருப்பவருக்கு இந்த ஒரு வரி, மற்ற எல்லா வருணனைகளையும்விடப் பெரியது.

உணவைப் பொறுத்தவரை, சுவையைப் பற்றி எழுதுபவர்கள் தூய்மையைப் பற்றி எழுதுவதில்லை. பல நகரங்களில் அரசே சோதனை செய்து தரும் சான்று கடை வாசலில் ஒட்டப்பட்டிருக்கும். அதை எங்கே பார்ப்பது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. நியூயார்க்கில் 2010 முதல் உணவகங்கள் தங்கள் சுகாதாரச் சோதனை முடிவை ஏ, பி, சி என்ற எழுத்தாக வாசலில் ஒட்டுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூஜ்யம் முதல் ஐந்து வரை எண் தருகிறார்கள். வேல்ஸில் 2013 முதல் அதை ஒட்டியே தீர வேண்டும் என்பது சட்டம், இங்கிலாந்திலோ அது கடைக்காரரின் விருப்பம். சிங்கப்பூரில் தெருவோர வியாபாரிகளைத் தண்ணீர் குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள பொதுக் கூடங்களுக்குள் கொண்டுவந்து அமர்த்தினார்கள். அந்த உணவுக்கூடப் பண்பாடு 2020-இல் யுனெஸ்கோவின் பட்டியலிலும் சேர்ந்தது. பலவகைச் சமையலை ஒரே கூரையின் கீழ் தேர்ந்தெடுத்து உண்ணவும், தனியாக வருபவர் தயங்காமல் உட்காரவும் இத்தகைய பொதுக் கூடங்கள் போல வசதியானவை குறைவு. அந்தந்த ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தால் முதலில் அதைக் குறிப்பிடுவதே முறை. சான்று எதுவும் இல்லாத இடங்களில், கூட்டம் வந்துபோய்க்கொண்டே இருக்கும் கடை, கண்ணெதிரே சூடாகச் சமைத்துத் தரும் கடை ஆகியவற்றை நாடச் சொல்லலாம். ஒவ்வாமை உள்ளவர்களும் குறிப்பிட்ட உணவை விலக்குபவர்களும் கேட்க வேண்டிய கேள்வியை உள்ளூர் மொழியில் ஒலிபெயர்த்து ஒரு வரி தரலாம்.

பொருள் வாங்குவது பற்றிய பகுதியில்தான் நம் வழிகாட்டிகள் மிகவும் மேலோட்டமாக இருக்கின்றன. எங்கே வாங்குவது என்று சொல்கிறார்களே தவிர, வாங்கியதை ஊருக்குக் கொண்டுவர முடியுமா என்று சொல்வதில்லை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கை 1975 முதல் நடைமுறையில் உள்ளது. தந்தம், ஆமை ஓடு, சில வகைப் பவளம், சில மரங்கள் ஆகியவற்றால் செய்த பொருள்கள் கடையில் தாராளமாக விற்கப்பட்டாலும் எல்லையில் பறிமுதல் ஆகலாம். பழம்பொருள்களுக்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. வெளிநாட்டுப் பயணி தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவதும் அப்படியே: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் பெற்று, புறப்படும் நாளில் பொருளையும் படிவத்தையும் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை பெற வேண்டும். பொருளைப் பெட்டிக்குள் போட்டு விமான நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுப் பிறகு சுங்கத்தைத் தேடுபவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். பிரிட்டனின் பெரும்பகுதியில் 2020-இன் இறுதியோடு இச்சலுகை நின்றுவிட்டது; பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் இன்றும் படிவம் கேட்டு ஏமாறுகிறார்கள்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அயல்நாட்டுக் கடையில் அட்டையைச் செருகியதும், உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா என்று கருவி கேட்கும். நம் பணத்தில் தொகை தெரிவது வசதிதானே என்று பெரும்பாலோர் முதலாவதைத் தொட்டுவிடுகிறார்கள். அப்போது மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது கடைக்காரர் தரப்பு நிறுவனம், அதில் அவர்களுக்குக் கூடுதல் லாபமும் சேர்ந்திருக்கும். உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் சிக்கனம். ரசீது வந்த பிறகு மாற்றுவது கடினம் என்பதால் இதை முன்கூட்டியே எழுதிவிடுவது நல்லது.

எழுதக் கூச்சப்படும் ஒரு செய்தி மிச்சமிருக்கிறது. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத நகரத்தில் பெண்களும் முதியவர்களும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்; வெயிலில் அலைந்துகொண்டே அப்படிச் செய்வது உடலுக்குக் கேடு. ஜெர்மனியின் ஆலன் நகரம் 2000-இல் ஓர் எளிய ஏற்பாட்டைத் தொடங்கியது: அதில் சேரும் உணவகங்களும் கடைகளும், எதையும் வாங்காதவர்களுக்கும் தங்கள் கழிப்பறையைத் திறந்து விட வேண்டும், பராமரிப்புக்கு நகராட்சி பணம் தரும், வாசலில் ஓர் அடையாள ஒட்டி இருக்கும். பிறகு நூற்றுக்கணக்கான ஊர்கள் அதைப் பின்பற்றின. ரோம் நகரத் தெருக்களில் 1870-களிலிருந்து நிறுவப்பட்ட குடிநீர்க் குழாய்கள் இன்றும் 2,000-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், குனிந்து குடித்துக்கொள்ளலாம். இது தெரியாமல் அவற்றின் பக்கத்திலேயே நின்று பாட்டில் வாங்குபவர்கள் ஏராளம். நடைவழி வரைபடத்தில் தண்ணீர், கழிப்பறை, நிழலுள்ள இருக்கை ஆகிய மூன்றுக்கும் மூன்று சின்னங்களைப் போட ஓவியருக்கு அதிக நேரம் பிடிக்காது.

இவை அனைத்தையும் ஒரே பக்கத்தில் திணிக்க முடியாது என்பதை அறிவேன். எனவே ஒரு கட்டுரைக்கு ஒரு பகுதி, ஒரே ஒரு நடைவழி, இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் என்று வரையறுத்துக்கொள்ளலாம். அதில் நான்கைந்து இடங்களே இருந்தாலும் போதும். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் செய்தியாளர் நேரில் நடந்து சரிபார்த்த நாளை அச்சிட வேண்டும். திறக்கும் நேரமும் விடுமுறையும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால், நாள் போடாத தகவல் சில மாதங்களிலேயே வாசகரைப் பூட்டிய கதவின் முன் நிறுத்திவிடும். மூடப்பட்ட கடை, இடம் மாறிய நிறுத்தம், பழுதான குழாய் ஆகியவற்றை வாசகர்கள் எழுதித் தெரிவிக்க ஒரு முகவரி கொடுத்து, வந்த திருத்தங்களை அடுத்த வார இணைப்பிலேயே வெளியிட்டால், நேரில் நடந்து பார்த்து எழுதி அனுப்பப் பலர் முன்வருவார்கள். அவர்களுள் ஒருவனாக நானும் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்